நிறத்துக்கு ஒரு பாதை, நகர்வுக்கு ஒரு பாதை

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக் கார் ஆலைகளில் பெயின்ட் ஷாப்பின் கடைசியில் நீளமாக ஓர் அறை இருக்கும். இரு பக்கச் சுவரிலும் கூரையிலும் குழல் விளக்குகள் வரிசை வரிசையாக எரியும். நிழல் விழ இடமே இருக்காது. கிளியர் கோட் அடித்து, ஓவனில் சுட்டு எடுத்த பாடி கன்வேயரில் மெதுவாக வந்துகொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் பணியாளர்கள் அதைப் பார்க்கிற விதம் வெளியாளுக்கு விசித்திரமாகத் தெரியும். யாரும் நேரே நின்று பார்ப்பதில்லை. இடுப்பை வளைத்து, தலையை இப்படியும் அப்படியும் அசைத்து, கதவுப் பரப்பைச் சாய்வாக நோக்குவார்கள்.

அவர்கள் கண் வைத்திருப்பது பெயின்ட்டில் பிரதிபலிக்கும் விளக்குக் கோடுகளின் மேல். தலை அசைய அசைய அந்தக் கோடுகள் தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். தகடு சீராக இருந்தால் கோடும் சீராகப் போகும். எங்காவது ஒரு சின்ன டென்ட் இருந்தால், தொட்டால்கூடத் தெரியாத பள்ளமாக இருந்தாலும், அந்த இடத்தில் கோடு நெளியும், ஒரு துள்ளல் துள்ளும். அசையாத ஒரு புகைப்படத்தில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஓட்டத்தில் பார்த்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இன்னொரு இடத்தில், முழு வண்டி தயாரான பிறகு, வேறொரு கேள்வி வரும்: பம்பரும் ஃபெண்டரும் ஒரே நிறமா? இங்கே தலையை அசைத்துப் பயன் அதிகமில்லை. நின்று, நிதானமாக, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

கண் ஒன்றுதான், பார்க்கிறவர் ஒருவர்தான். ஆனால் இந்த இரண்டு வேலைகளையும் மூளை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்திருக்கிறது. அதில் நகர்வைக் கவனிக்கும் ஆள் ஏறக்குறைய நிறக்குருடு.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. மங்கலான வெளிச்சத்துக்கான கோல் செல்கள் சுமார் 12 கோடி. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்குமான கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். கூம்புகளில் மூன்று ரகம். ஒன்று 560 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளிக்கு அதிகம் அசைந்துகொடுக்கும், இன்னொன்று 530-க்கு, மூன்றாவது 420-க்கு. பேச்சு வழக்கில் இவற்றைச் சிவப்பு, பச்சை, நீலக் கூம்பு என்கிறோம். அந்தப் பெயர்கள் கொஞ்சம் ஏமாற்றுகிறவை, ஏனென்றால் தனி ஒரு கூம்புக்கு எந்த நிறமும் தெரியாது. எவ்வளவு ஒளியைப் பிடித்தேன் என்ற கணக்கு மட்டும்தான் அதனால் சொல்ல முடியும். தனக்குப் பிடித்த அலைநீளத்தில் மங்கலான ஒளி விழுந்தாலும், பிடிக்காத அலைநீளத்தில் பலமான ஒளி விழுந்தாலும் அது ஒரே பதிலைத்தான் தரும். பக்கத்துக் கூம்புகள் என்ன சொல்கின்றன என்று ஒப்பிட்ட பிறகுதான் நிறம் என்ற ஒன்று பிறக்கிறது.

இதற்குச் சாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் பூட்டப்படும் ஐபோனாகட்டும், வேறெந்த போனாகட்டும், அதன் திரையில் மஞ்சள் ஒளி தரும் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுதான். திரையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் காட்ட வேண்டுமென்றால் சிவப்பையும் பச்சையையும் சரியான அளவில் எரியவிடுகிறார்கள். நிஜ எலுமிச்சை எழுப்பும் அதே மூன்று எண்கள் கூம்புகளில் எழுந்துவிடுகின்றன. மூளை மஞ்சள் என்று முடிவு கட்டுகிறது. ஒளியின் கலவை முற்றிலும் வேறு, தெரியும் நிறம் மட்டும் ஒன்று.

இதே உண்மைதான் பம்பரில் தலைவலியாக வந்து நிற்கிறது. இரும்புத் தகட்டின் மேல் அடித்த பெயின்ட்டை ஏறக்குறைய 140 டிகிரியில் சுடலாம். பம்பர் பிளாஸ்டிக், அந்தச் சூட்டில் வளைந்துவிடும். அதற்குச் சுமார் 80 டிகிரியில் காயும் வேறு பெயின்ட் தேவை. வேதிப்பொருள் வேறு என்பதால் இரண்டும் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்திலும் வேறுபாடு வர வாய்ப்புண்டு. ஆலையின் விளக்கில் இரண்டும் கூம்புகளுக்கு ஒரே மூன்று எண்களைக் கொடுக்கலாம். அதே வண்டியை மாலை வெயிலிலோ பெட்ரோல் பங்க் விளக்கிலோ நிறுத்தினால் பம்பர் தனியாகத் தெரியும். அதனால்தான் ஒரே விளக்கில் ஒப்பிடுவதோடு விடாமல் பல வகை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பல கோணங்களில் ஒளியை அளக்கும் கருவியையும் தகட்டின் மேல் வைத்து எண் எடுக்கிறார்கள். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கப் போகிறவர்கள் சேலையைக் கடை வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் விரித்துப் பார்ப்பதும் இதே விஞ்ஞானம்தான். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் அது அவசியமான பரிசோதனை.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வெளிச்சம் மாறும்போதெல்லாம் பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியும் மாறுகிறதே, பின் ஏன் நம் உலகம் நிமிடத்துக்கொரு நிறம் காட்டுவதில்லை? காலையில் சிவப்பாக இருந்த பஸ் மாலையிலும் சிவப்பாகத்தான் தெரிகிறது. மூளை ஒரு பொருளை மட்டும் தனியாக எடுத்து நிறம் சொல்வதில்லை. சுற்றியுள்ள எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இப்போது விழும் வெளிச்சம் எந்தச் சாயல் என்று ஊகித்து, அந்தச் சாயலைக் கழித்துவிடுகிறது. லண்டனில் செமிர் ஸெகி என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் வி4 என்ற பகுதியை ஆராய்ந்தபோது, அங்குள்ள சில செல்கள் அலைநீளத்தைக் கண்டுகொள்ளாமல், நம் கண்ணுக்குத் தோன்றும் நிறத்தை ஒட்டியே துடிப்பதைக் கண்டார். 2015-இல் இணையத்தை இரண்டாகப் பிளந்த அந்த உடையின் படத்தை, நீலம்–கறுப்பா வெள்ளை–பொன்னா என்று அடித்துக்கொண்டோமே அதை, நினைத்துப் பாருங்கள். படத்தில் வெளிச்சம் எப்படிப்பட்டது என்ற துப்பு போதவில்லை. ஒவ்வொரு மூளையும் ஒவ்வொரு ஊகம் செய்தது, கழித்தலும் வேறு வேறாகப் போனது.

இனி, நிறத்தையும் நகர்வையும் தனித்தனியாக எடுத்துச் செல்லும் பாதைகள். இரண்டு விழிகளிலிருந்தும் மூளைக்குப் போகும் பார்வை நரம்பில், ஒரு கண்ணுக்குச் சுமார் 10 லட்சம் இழைகள். பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட செல்கள் சொல்வதை இந்தப் பத்து லட்சத்துக்குள் அடைக்க வேண்டுமென்றால் அப்படியே அனுப்ப முடியாது. விழித்திரையே கணக்குப் போட்டுச் சுருக்கி அனுப்புகிறது. அனுப்பும் செல்களில் ஒரு கூட்டம் உருவில் சின்னது, எண்ணிக்கையில் பெரும்பான்மை. சிவப்புக் கூம்புக்கும் பச்சைக் கூம்புக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் செல்வது இவை. நுணுக்கமானவை, ஆனால் மந்தம். இன்னொரு கூட்டம் உருவில் பெரியது, எண்ணிக்கையில் குறைவு. இவை சிவப்பையும் பச்சையையும் கூட்டிவிட்டு மொத்த வெளிச்சம் ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பார்க்கும். சட்டென்று பதில் சொல்லும். நீலம்–மஞ்சள் வித்தியாசத்துக்கு மூன்றாவதாக ஒரு சிறு கூட்டம் உண்டு. மூளையின் நடுவே தலாமஸில் உள்ள இடைநிலையத்தில் இவை தனித்தனி அடுக்குகளாகவே போய் இறங்குகின்றன: கீழே இரண்டு அடுக்கு பெரிய செல்களுக்கு, மேலே நான்கு சிறிய செல்களுக்கு, இடையிடையே மெல்லிய படலங்களில் நீலத்துக்கு.

பெரிய செல்கள் கூட்டல் மட்டுமே போடுகின்றன என்பதைக் கவனியுங்கள். கூட்டிவிட்ட பிறகு எது சிவப்பு, எது பச்சை என்று பிரிக்க வழியில்லை. நகர்வைக் கணக்கிடும் வேலை பெரும்பாலும் இந்தப் பாதையை நம்பித்தான் நடக்கிறது. அப்படியானால், சுற்றியுள்ளதோடு வெளிச்சத்தில் துளியும் வேறுபடாமல் நிறத்தில் மட்டும் வேறுபடும் ஒரு பொருள் நகர்ந்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்டவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்கு ஆய்வு செய்யப் போன வி.எஸ்.ராமச்சந்திரன். துண்டிக்கப்பட்ட கை வலிப்பதாக உணர்கிறவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்து அவர் செய்த சிகிச்சைதான் பலருக்குத் தெரியும். அதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பு அவர் ஒரு பார்வை ஆய்வாளர். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கிரிகரியோடு சேர்ந்து 1978-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரை, நகர்வை உணர்வதில் நிறத்துக்குப் பங்கு உண்டா என்று தலைப்பிலேயே கேட்டது.

சோதனை எளிமையானது. ஒழுங்கில்லாமல் தெளித்த புள்ளிகள் நிறைந்த ஒரு படம். இரண்டாவது படமும் அச்சாக அதேதான். நடுவில் ஒரு சதுரத்துக்குள் அடங்கும் புள்ளிகளை மட்டும் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிவிட்டார்கள். தனித்தனியாக எந்தப் படத்தைப் பார்த்தாலும் சதுரம் தெரியாது, புள்ளிக்கூட்டம்தான். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால் நடுவே ஒரு சதுரம் துல்லியமாக இடமும் வலமும் ஆடும். அந்தச் சதுரம் வேறெங்கும் இல்லை, நகர்வில் மட்டுமே இருக்கிறது. கறுப்பு–வெள்ளைப் புள்ளிகளில் இது யாருக்கும் தெரியும். பிறகு புள்ளிகளைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றி, பார்க்கிறவரின் கண்ணுக்கு இரண்டும் சம வெளிச்சமாகும்வரை திருகிக்கொண்டே போனார்கள். சம நிலையை எட்டியதும் சதுரம் காணாமல் போயிற்று. ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் ஒவ்வொரு பச்சைப் புள்ளியும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் ஆடும் சதுரம் இல்லை, அர்த்தமில்லாத மினுக்கல்தான்.

நிறத்துக்குப் பங்கே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. 1984-இல் பார்வை ஆய்வாளர் பாட்ரிக் கவானாவும் கூட்டாளிகளும் சம வெளிச்சமுள்ள சிவப்பு–பச்சைப் பட்டைகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். நகர்வு தெரிந்தது, ஆனால் நிஜ வேகத்தைவிட மெதுவாகத் தெரிந்தது. நிறப் பாதையும் நகர்வுக் கணக்கில் கொஞ்சம் கைகொடுக்கிறது, அரைகுறையாக. 1987-இல் ராமச்சந்திரன் மறுபடி ‘நேச்சரில்’ எழுதினார். அசையாமல் இருக்கும் ஒரு நிறத் திட்டின் மேல் புள்ளிகளை ஓடவிட்டால், திட்டும் புள்ளிகளோடு சேர்ந்து ஓடுவதாகத் தோன்றுகிறது. நகர்வு முன்னே போகிறது, நிறம் அதன் பின்னால் இழுபடுகிறது. மார்கழிக் கோலத்தில் வெள்ளைக் கோடுதான் உருவத்தைப் பிடித்து நிறுத்தும், கலர் பொடியை உள்ளே தோராயமாகத் தூவினாலே போதும். மூளையும் அந்த மாதிரிதான் வேலை செய்கிறது. வீடியோவைச் சுருக்கும் பொறியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாம் போனில் பார்க்கும் பெரும்பாலான வீடியோக்களில் வெளிச்ச விவரம் புள்ளிக்குப் புள்ளி இருக்கும்; நிற விவரம் நான்கு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில்தான். யாரும் புகார் சொன்னதில்லை.

பின்மண்டையில் உள்ள முதல் பார்வைப் பகுதியைத் தாண்டியதும் இந்தப் பிரிவினை இன்னும் கூர்மையாகிறது. நகர்வுக்கு வி5 என்று ஒரு பகுதி. காதுக்கு மேலே சற்றுப் பின்னால். அது கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1983-இல் மியூனிக் மருத்துவர்கள் பதிவு செய்த ஒரு பெண்மணியின் நிலையே சாட்சி. மூளையின் ரத்தக்குழாயில் அடைப்பு வந்து இரு பக்கமும் அந்த வட்டாரம் பழுதாகிவிட்டது. நிறம் தெரிந்தது, முகம் தெரிந்தது, எழுத்துத் தெரிந்தது. நகர்வு மட்டும் போய்விட்டது. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்து நிற்பதுபோல் இருக்குமாம். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வழிந்துவிடும். சாலையைக் கடக்க நின்றால் தூரத்தில் இருந்த கார் அடுத்த கணம் பக்கத்தில் இருக்கும். இஞ்சின் சத்தம் கூடுவதை வைத்துத் தூரத்தை மதிப்பிட அவர் பிறகு பழகிக்கொண்டார்.

நேர்மாறான கதையை நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 1987-இல் எழுதினார். நியூயார்க் ஓவியர் ஒருவருக்குக் கார் விபத்தில் நிறம் முழுக்கப் போய்விட்டது. நகர்வு, வடிவம் எல்லாம் பத்திரம். தக்காளியே கறுப்பாகத் தெரிந்ததால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

இங்கே ஒரு முரண் உண்டு. நகர்வுப் பாதை வேகமானது என்றேன். ஆனால் 1997-இல் முடூசிஸும் ஸெகியும் ஒரு பொருளின் நிறத்தையும் திசையையும் மாறி மாறித் திருப்பிக் காட்டியபோது, பார்த்தவர்களுக்கு நிற மாற்றம் சுமார் 80 மில்லிநொடி முந்தித் தெரிந்தது. செய்தி சீக்கிரம் வந்து சேர்ந்தாலும், திசை மாறியது என்று சொல்ல முன்னும் பின்னும் ஒப்பிட நேரம் வேண்டும் என்பது ஒரு விளக்கம். வேகம் பற்றிய சங்கதியே இல்லை, மாற்றத்துக்கு மூளை எங்கே அடையாளம் குத்துகிறது என்பதுதான் விஷயம் என்று நிஷிதா, ஜான்ஸ்டன் என்ற ஆய்வாளர்கள் 2002-இல் மறுத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. எனக்கு இரண்டாவது தரப்பின் வாதம் வலுவாகப் படுகிறது.

ஒப்பிடுதல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரகடத்தைச் சுற்றியுள்ள சிறிய லேத் பட்டறை ஒன்றுக்குள் நுழையலாம். நகர்வு என்பது மூளைக்கு நேரே கிடைக்கும் தகவல் அல்ல. இந்த இடத்தில் ஒரு கணம் முன்பு இருந்தது, இப்போது பக்கத்து இடத்தில் இருக்கிறது, ஆகவே நகர்ந்தது. ஓர் இடத்துச் சேதியைச் சற்றுத் தாமதப்படுத்தி, பக்கத்து இடத்துச் சேதியோடு பொருத்திப் பார்ப்பதுதான் சூத்திரம். வண்டின் பார்வையை வைத்து 1950-களில் ஹாஸன்ஸ்டைன், ரைகார்ட் என்ற ஆய்வாளர்கள் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். சினிமா ஓடுவது இதை நம்பித்தான். லேத்தில் விபத்து நடப்பதும் சில சமயம் இதனால்தான்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. அந்தத் துடிப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. இப்போது லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும், மூன்று தாடை உள்ள சக் ஒன்று நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடுவதாக வையுங்கள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அது சரியாக 120 டிகிரி திரும்பியிருக்கும். முதல் தாடை இருந்த இடத்தில் இரண்டாவது தாடை. மூளைக்கு எல்லாத் தாடையும் ஒன்றுதான். பக்கத்தில் உள்ளதோடு பொருத்திவிட்டு அசையவில்லை என்கிறது. 1980 சுற்றுக்கு இறக்கினால் ஒவ்வொரு துடிப்புக்கும் 1.2 டிகிரி பின்தங்கும். சக் நிமிடத்துக்கு 20 சுற்று வேகத்தில் தலைகீழாகச் சுற்றுவதுபோல் தோன்றும். ஓடும் எந்திரம் நின்றதாகத் தெரிந்தால் கை போய்விடும். அதனால்தான் நல்ல எலெக்ட்ரீஷியன் பக்கத்துப் பக்கத்து விளக்குகளை ஆர், ஒய், பி என்று மூன்று ஃபேஸில் பிரித்துப் போடுவார்; ஒன்று மங்கும்போது இன்னொன்று எரியும். ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடும் எலெக்ட்ரானிக் சோக் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. விலை குறைந்த எல்இடி மறுபடி அதைக் கொண்டுவந்திருக்கிறது.

கன்வேயர் பக்கத்தில் நிற்பவர்களுக்கு இன்னொரு அனுபவம் உண்டு. வெகுநேரம் ஒரே திசையில் ஓடும் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கையில் லைன் திடீரென்று நின்றால், பெல்ட் பின்னோக்கி ஊர்வதுபோல் இருக்கும். அது இடம் மாறுவதில்லை, ஆனாலும் ஊர்கிறது. 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் ஸ்காட்லாந்தில் ஓர் அருவியைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தபோது பாறை மேலே ஏறுவதாகக் கண்டு எழுதிவைத்தார். குற்றாலத்திலும் செய்து பார்க்கலாம். முன்னோக்கிய நகர்வுக்கான செல்களும் பின்னோக்கியதற்கான செல்களும் எப்போதும் தராசில் நிற்கின்றன. ஒரு தட்டு களைத்துப்போனால் மறு தட்டு தாழ்கிறது.

ஆலைகளில் எச்சரிக்கைக்கு நிறத்தை நம்புவது அதிகம். பச்சைத் தரை, சிவப்பு டிராலி, மஞ்சள் கோடு. என் கருத்தில் இதில் பாதி, தப்பான பாதைக்கு அனுப்பிய கடிதம். ஓரக்கண்ணில் நிறப் பார்வை பலவீனம். அங்கே காவல் நிற்பது நகர்வுப் பாதைதான், அதற்கு வேண்டியது வெளிச்ச வேறுபாடு. பச்சைத் தரையும் சிவப்பு டிராலியும் ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பினால் ஓரக்கண்ணுக்கு டிராலி வருவது தாமதமாகத்தான் உறைக்கும். மஞ்சள்–கறுப்புப் புலிப்பட்டை வேலை செய்வதற்குக் காரணம் மஞ்சள் கறுப்பைவிடப் பல மடங்கு வெளிச்சமாக இருப்பதே. சோதிக்க எளிய வழி உண்டு: போனில் படம் எடுத்து கறுப்பு–வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், எது தரையோடு கலந்துவிடுகிறதோ அதற்கு வேறு பெயின்ட் அடிக்க வேண்டும். சிவப்பு–பச்சை குழம்புகிறவர்களுக்கும் இதே சோதனை உதவும். எந்திரத்தின் நிலையைக் காட்டும் டவர் லேம்ப்பில் சிவப்பை எப்போதும் உச்சியில் வைப்பதும் அவர்களை நினைத்தால் நல்லதே. 

இருட்டில் நிறம் மொத்தமாகவே விடைபெற்றுக்கொள்ளும். கோல் செல்களுக்கு 500 நானோமீட்டரை ஒட்டிய ஒளிதான் பிடிக்கும். சிவப்பு அவற்றுக்குக் கறுப்பு. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் நடந்து போகிறவர்களும் கலந்துவிடுவார்கள். மார்பில் ஒளிர்பட்டை வைத்த சட்டை போட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஸ்வீடனில் குன்னார் ஜொஹான்சன் என்ற உளவியலாளர் 1973-இல் ஒன்று காட்டினார். இருட்டில் ஒருவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் போன்ற மூட்டுகளில் மட்டும் சிறு விளக்குகளை ஒட்டி நடக்கவிட்டார். நின்றால் அர்த்தமற்ற புள்ளிகள். ஓர் அடி எடுத்து வைத்ததும் மனிதர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நிறமே தேவைப்படவில்லை. இரவுச் சாலைகளில் பிறகு நடந்த சோதனைகளும் இதையே காட்டின: ஒளிர்பட்டையை மூட்டுகளில் கட்டியவர்களை, மார்பில் மட்டும் அணிந்தவர்களைவிட வெகு தூரத்திலேயே ஓட்டுநர்கள் மனிதர் என்று அடையாளம் கண்டார்கள். மார்பில் இருக்கும் பட்டை நடக்கும்போது அதிகம் ஆடுவதில்லை. தூரத்து ஓட்டுநருக்கு அது ஒரு பலகையாகவோ மைல்கல்லாகவோ இருக்கலாம். கணுக்காலில் கட்டியது ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் வீசிக்கொண்டே போகும்.